மெல்லத் தடை, போத்தலுக்கு அனுமதி

கொக்கா இலை என்றதும் நமக்குக் கொக்கெய்ன்தான் ஞாபகம் வரும். ஆனா பொலிவியா, பெரு மலைகளில் ஆட்கள் வெறும் இலையை வாயில் அடக்கிக்கொண்டுதான் பசி, குளிர், களைப்பைத் தாங்குகிறார்கள். பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்தில் ஸ்பானியர் வேலை வாங்கியதும் அந்த இலையின் பலத்தில்தான். 1961 ஐ.நா. ஒப்பந்தம் கொக்கா மெல்லுவதை 25 வருஷத்துக்குள் ஒழிக்கச் சொன்னது. அதே ஒப்பந்தத்தின் 27ஆம் பிரிவு, கொக்கெய்னை எடுத்துவிட்டு இலையைச் சுவையூட்டியாகப் பாவிக்க இடம் கொடுத்தது. கொக்கா கோலாவுக்கு இலை போவது அந்த வழியில்தான். என்ன நியாயமோ! பொலிவியா 2012இல் விலகி, 2013இல் மெல்லும் உரிமையோடு திரும்பச் சேர்ந்தது.

வெலிமடைப் பக்கத் தோட்டங்களில் நம்ம அம்மாமார் வெத்தல போடுவதையும் இப்படித்தான் பேசுகிறார்கள். பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுநோய் தரும், அதில் எங்களுக்கு வாதமே இல்லை. ஆனா "விடுங்க" என்று சொல்ல வருகிறவர்கள், விடியக் குளிரில் வெறும் சாயத்தண்ணியோடு மலைக்கு ஏறி, கொழுந்து கிலோ குறைஞ்சா அரைப்பேர் என்று ஓடுகிற மனுஷிக்கு அது ஏன் தேவைப்படுது என்று கேட்பதே இல்லை. சுவரொட்டிக்கு முதல் மலைக்குச் சூடான சாப்பாடு வரட்டும். வாயைச் சோதிக்க டாக்டர் லயத்துக்கே வரட்டும்.