பாட்டியின் மஞ்சள் பை

சென்ற மாதம் செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டியைப் பார்த்தேன். மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்துக்காரர்.

"எந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது, பாட்டி?" என்றார் டாக்டர்.

பாட்டி மஞ்சள் பையைக் கவிழ்த்தார். சீட்டுகளெல்லாம் மழையில் நனைந்து ஒரே நீலக் கறை!

"வெள்ளையா, உருண்டையா இருக்கும் ஐயா" என்றார். எந்த மாத்திரைதான் அப்படி இல்லை? ஊர் டாக்டருக்குப் போன் போட்டு, அவர் பழைய நோட்டைப் புரட்டி, "பென்சிலின்" என்று சொல்வதற்குள் அரை மணி போயிற்று.

இந்தத் திண்டாட்டம் தீரத்தான் 2021 செப்டம்பரில் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தை நாடெங்கும் தொடங்கியது. ஆளுக்கு 14 இலக்க 'ஆபா' எண். சீட்டையும் பரிசோதனை முடிவையும் அதனோடு இணைக்கலாம். 2023 ஜனவரி முதல், இப்படிப் பதிவு செய்யும் ஆஸ்பத்திரிகளுக்கும் பரிசோதனை நிலையங்களுக்கும் 4 கோடி ரூபாய் வரை ஊக்கத்தொகை என்றும் அறிவித்தார்கள்.

நல்ல காரியந்தான். ஆனால், ஊக்கத்தொகை பதிவுகளின் எண்ணிக்கைக்கு. பாட்டியைக் காப்பாற்றுவதோ அதிலுள்ள ஒரே ஒரு வரி. கம்ப்யூட்டர் வாங்குவது டாக்டரின் வேலை. அந்த வரியை எழுத வைப்பது நம் வேலை.

ஆகவே சகோதரிகளே, அடுத்த முறை போகும்போது, பெயரும் இனிஷியலும் சரியா என்று பாருங்கள். ஆகாத மருந்தை மறக்காமல் குறிக்கச் சொல்லுங்கள். பதிவைப் பிறர் பார்க்க உங்கள் சம்மதம் வேண்டும். முன்பின் தெரியாதவர் கேட்டால் போனில் வரும் ரகசிய எண்ணைச் சொல்லிவிடாதீர்கள்.

மஞ்சள் பையையும் எறிந்துவிட வேண்டாம். கரண்ட் போன நேரத்தில் அதுதான் கைகொடுக்கும். மழையில் மட்டும் நனைய விடாதீர்கள்!