கிரீன் கார்டு வாங்கி 5 வருஷம் ஆச்சு... குடியுரிமைக்கு அது மட்டும் போதுமா?

"கிரீன் கார்டு வந்து அஞ்சு வருஷம் முடிஞ்சிருச்சா? அப்ப சிட்டிசன்ஷிப்புக்குப் போட்டுடலாமே!" அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. அதில் பாதிதான் சரி. கார்டு கைக்கு வந்து எத்தனை வருடம் ஆனது என்பதோடு, அந்த வருடங்களில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதையும் அமெரிக்கச் சட்டம் கணக்குப் பார்க்கிறது. வேலைக்காக மாநிலம் மாறியவர்களும், பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்து சில மாதங்கள் தங்கியவர்களும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மொத்தம் மூன்று கணக்கு

முதல் கணக்கு, தொடர் வசிப்பு. விண்ணப்பிப்பதற்கு முந்தைய 5 வருடமும் அமெரிக்காதான் உங்கள் இருப்பிடமாக இருந்திருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனை அல்லது குடிமகளை மணந்து சேர்ந்து வாழ்பவர்களுக்கு இது 3 வருடம்.

இரண்டாவது, நாள் கணக்கு. அந்த 5 வருடத்தில் குறைந்தது 30 மாதம், அதாவது 913 நாள், நீங்கள் நேரடியாக அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். 3 வருடப் பிரிவினருக்கு 18 மாதம். விமானம் ஏறிய நாளும், திரும்பி வந்து இறங்கிய நாளும் அமெரிக்காவில் இருந்த நாட்களாகவே எண்ணப்படும்.

மூன்றாவது, மாநிலக் கணக்கு. எந்த மாநிலத்தில் அல்லது குடியேற்றத் துறையின் எந்த வட்டாரத்தில் இருந்து விண்ணப்பிக்கிறீர்களோ, அங்கே குறைந்தது 3 மாதம் குடியிருந்திருக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இதில்தான்.

வீடு மாறினால் என்ன ஆகும்?

ஒரு உதாரணம். நியூ ஜெர்சியில் இருக்கும் ஒருவருக்கு 2025 ஜூன் மாதத்தோடு 5 வருடம் முடிந்துவிட்டது. "அப்புறம் போட்டுக்கலாம்" என்று விட்டுவிட்டார். செப்டம்பர் 1-ம் தேதி வேலை மாறி டல்லாஸுக்குக் குடிபோகிறார். இனி அவர் டிசம்பர் 1 வரை காத்திருந்துதான் விண்ணப்பிக்க முடியும். 5 வருடக் கணக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. டெக்சாஸில் 3 மாதம் ஆகவில்லை, அவ்வளவுதான். ஆகஸ்ட் மாதமே நியூ ஜெர்சி முகவரியில் விண்ணப்பித்திருந்தால் இந்தக் காத்திருப்பே இருந்திருக்காது.

விண்ணப்பித்த பிறகு வீடு மாறலாமா? தாராளமாக மாறலாம். கோப்பு புதிய ஊர் அலுவலகத்துக்கு மாற்றப்படும். ஆனால் கிரீன் கார்டு வைத்திருப்பவர் குடிமாறிய 10 நாளுக்குள் புதிய முகவரியைக் குடியேற்றத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தபால் நிலையத்தில் மாற்றிவிட்டோமே என்று இருந்துவிடக் கூடாது, அது வேறு, இது வேறு. நேர்காணல் கடிதம் பழைய வீட்டுக்குப் போய், அதைப் பார்க்காமல் நேர்காணலுக்குப் போகாமல் விட்டால் விண்ணப்பமே கைவிட்டுப் போகலாம்.

5 வருடம் முடிய 90 நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்க ஒரு சலுகை உண்டு. அப்படி முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களுக்கு, மாநிலத்தில் இருக்க வேண்டிய 3 மாதமும் அந்த 90 நாளுக்குள் வந்தால், அதை நேர்காணல் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். ஆனால் 913 நாள் கணக்குக்கு இந்தச் சலுகை கிடையாது. அது விண்ணப்பிக்கும் அன்றே முழுதாக இருக்க வேண்டும்.

படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வழி இருக்கிறது. பெற்றோரின் செலவில் வெளி மாநிலத்தில் படிப்பவர்கள் கல்லூரி இருக்கும் இடத்திலிருந்தும் விண்ணப்பிக்கலாம், பெற்றோர் வீட்டு முகவரியிலிருந்தும் விண்ணப்பிக்கலாம்.

எதுக்குங்க இந்த 3 மாதம்?

இதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1790-ல் வந்த முதல் குடியுரிமைச் சட்டம் நாட்டில் 2 வருடம், மாநிலத்தில் 1 வருடம் இருக்கச் சொன்னது. 1795-ல் நாட்டுக் கணக்கு 5 வருடமானது. அந்தக் காலத்தில் குடியுரிமை கொடுத்தவை உள்ளூர் நீதிமன்றங்கள். ஆளை அறிந்த அக்கம்பக்கத்தார் வந்து சாட்சி சொல்ல வேண்டும். அதற்கு அந்த ஊரில் கொஞ்ச காலமாவது இருந்திருக்க வேண்டும் என்பதில் நியாயம் இருந்தது. 1990-ல் வந்த சட்டம் இந்தப் பொறுப்பைக் குடியேற்றத் துறையிடம் கொடுத்தது, 6 மாதமாக இருந்த மாநில நிபந்தனையை 3 மாதமாகக் குறைத்தது. இன்று விண்ணப்பம் இணையத்திலேயே போகிறது, கோப்பு ஊர்விட்டு ஊர் தானாக மாறுகிறது. அப்படியிருக்க, வேலைக்காக இடம் மாறியவரை இன்னும் 3 மாதம் நிறுத்திவைப்பதால் யாருக்கு என்ன லாபம் என்று புரியவில்லை. ஆனாலும் சட்டம் இருக்கும் வரை அதை மதித்துத்தான் ஆக வேண்டும்.

ஊருக்கு வந்து தங்கினால்?

உண்மையான சிக்கல் இங்கேதான். ஒரே பயணத்தில் 6 மாதத்துக்கு மேல், 1 வருடத்துக்குள் வெளிநாட்டில் இருந்தால், தொடர் வசிப்பு அறுந்துவிட்டதாகவே அதிகாரி எடுத்துக்கொள்வார். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. வேலையை விடவில்லை, விடுப்பில்தான் வந்தேன். மனைவியும் பிள்ளைகளும் அங்கேயே இருந்தார்கள். வீட்டு வாடகையை மாதாமாதம் கட்டினேன். வரிக்கணக்கைத் தாக்கல் செய்தேன் என்று காகிதத்தோடு காட்ட வேண்டும். வரிப் படிவத்தில் 'இங்கே வசிக்காதவர்' என்று குறிப்பிட்டிருந்தால் அதுவே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

1 வருடமோ அதற்கு மேலோ போய்விட்டால் விளக்கத்துக்கே இடமில்லை. தொடர்ச்சி அறுந்தது அறுந்ததுதான். "ரீ-என்ட்ரி பர்மிட் எடுத்துட்டுத்தானே வந்தேன்" என்று பலர் சொல்வார்கள். அந்த அனுமதி கிரீன் கார்டைக் காப்பாற்ற உதவும், குடியுரிமைக் கணக்கைக் காப்பாற்றாது. திரும்பி வந்த நாளிலிருந்து 4 வருடம் 1 நாள் கழித்து விண்ணப்பிக்கலாம். அப்போதும் 6 மாதக் கேள்வி எழும். 4 வருடம் 6 மாதம் காத்திருந்தால் அந்தக் கேள்வியும் எழாது. அமெரிக்க அரசுக்காகவோ, சில வகை அமெரிக்க நிறுவனங்களுக்காகவோ வெளிநாடு போகிறவர்களுக்கு மட்டும் என்-470 என்ற தனிப் படிவம் இருக்கிறது.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் பெற்றோருக்குக் கிரீன் கார்டு கேட்டு மனு போட முடியாது. 21 வயது நிரம்பிய குடிமக்கள் மட்டுமே போட முடியும், அவர்கள் போட்டால் வருடாந்திர ஒதுக்கீட்டு வரிசையும் கிடையாது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து ஏழெட்டு மாதம் பார்த்துக்கொண்ட மகனோ மகளோ, அந்த அம்மாவைக் கூட்டிப் போகும் உரிமையையே சில வருடம் தள்ளிப்போட்டவர் ஆகிறார். எதற்காகப் போனீர்கள் என்பதைவிட, எதை அமெரிக்காவில் விட்டுவிட்டுப் போனீர்கள் என்பதுதான் அதிகாரியின் முன்னால் எடுபடும்.

எச்-1பி வருடங்கள் எங்கே போயின?

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தியர்கள் கிரீன் கார்டுக்கே பல வருடம் வரிசையில் நிற்கிறார்கள். அத்தனை காலமும் வேலை பார்த்து, வரி கட்டி வாழ்ந்தாலும், குடியுரிமைக் கணக்கில் அதில் ஒரு நாள்கூடச் சேராது. பக்கத்து நாடான கனடாவில் 5 வருடத்தில் 1,095 நாள் இருக்க வேண்டும். நிரந்தரக் குடியிருப்பு கிடைப்பதற்கு முன் மாணவராகவோ ஊழியராகவோ சட்டப்படி இருந்த ஒவ்வொரு நாளும் அங்கே அரை நாளாக எண்ணப்படும், அதிகபட்சம் 365 நாள் வரை. அமெரிக்காவும் அந்த அளவுக்காவது இறங்கி வருவதுதான் நியாயம்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

கார்டு கைக்கு வந்த நாளிலிருந்தே ஒரு நோட்டில் போன தேதி, வந்த தேதியை எழுதி வையுங்கள். விண்ணப்பத்தில் வெளிநாட்டுப் பயணங்களைக் கேட்பார்கள், பழைய பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்துத் தேடுவது பெரும்பாடு. கார்டில் 'எப்போது முதல்' என்று அச்சாகியிருக்கும் தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும். வேறு மாநிலத்தில் வேலை கிடைத்தால், லாரிக்குச் சொல்வதற்கு முன்னால் நாட்காட்டியைப் பாருங்கள். தகுதி வந்திருந்தால் விண்ணப்பித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. ஊருக்கு வந்தால், முடிந்தவரை 6 மாதத்துக்குள் திரும்புங்கள். முடியாது என்றால், கிளம்பும் முன்பே விடுப்புக் கடிதம், வாடகை ரசீது, வரி ஆவணங்களைப் பத்திரப்படுத்துங்கள். பயணம் சிக்கலானது என்று தோன்றினால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். விண்ணப்பம் தள்ளுபடியானால் கட்டிய கட்டணம் திரும்ப வராது. நண்பர் சொன்ன கணக்கு அவருடைய பயணங்களுக்குப் பொருந்தும். உங்களுடையதை நீங்கள்தான் எண்ண வேண்டும்.