முனைவும் வடிவும் தமிழுக்கு எட்டாதனவா?

வேதியியலைத் தமிழில் சொல்ல இயலாது என்பார் இன்னும் குறைந்தபாடில்லை. மேனிலைப் பள்ளி வேதியியலிலேயே மாணவர் இடறும் பகுதி ஒன்றை எடுத்து, அக்கூற்று மெய்யா பொய்யா என ஆராய்தலே முறை. பிணைப்பின் முனைவும் மூலக்கூற்றின் வடிவும் பற்றியது அப்பகுதி.

இரண்டு அணுக்கள் தம் எதிர்மின்னிகளைப் பங்கிட்டுப் பிணைகின்றன. பங்கீடு எப்போதும் ஒப்பப் பங்கீடாக இருப்பதில்லை. கவரும் ஆற்றல் மிக்க அணு, எதிர்மின்னி இணையைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. அமெரிக்க அறிவியலார் இலைனசு பாலிங் 1932இல் வகுத்த கவராற்றல் அளவையில், உயிர்வளிக்கு 3.44, கரிமத்திற்கு 2.55, ஐதரசனாகிய நீரகத்திற்கு 2.20 என இன்று கொள்வர். ஆகவே நீரகத்தோடு பிணைந்த உயிர்வளியின் பக்கம் சிறிது எதிர்மின் சாயலும், நீரகத்தின் பக்கம் சிறிது நேர்மின் சாயலும் தங்குகின்றன. பிணைப்புக்கு இரு முனை உண்டாகிவிட்டது, இதுவே முனைவு. இதில் தமிழுக்கு எட்டாதது எது?

இனி, மாணவன் இடறும் இடம். கரியமிலவளியில் கரிமத்தின் இருபுறமும் உயிர்வளி உள்ளது. இரு பிணைப்புகளும் முனைவுற்றவை. ஆயினும் முழு மூலக்கூறு முனைவற்றது. நீரிலும் முனைவுற்ற பிணைப்புகள் இரண்டே. நீரோ முனைவு மிக்கது. கரணியம் வடிவில் உள்ளது. கரியமிலவளி நேர்க்கோடு. ஒத்த வலியுடையார் இருவர் வடத்தின் இரு முனைகளைப் பற்றி எதிரெதிர் இழுப்பின் நடுமுடிச்சு நகராது. நீர் மூலக்கூறோ 104.5 பாகைக் கோணத்தில் மடங்கியது. இரு வடம் பூட்டிச் சற்றே விலக்கி இழுப்பினும் தேர் அவற்றின் நடுவே முன்னோக்கி வருமன்றோ? அதுபோல் இரு இழுப்பும் கூடி ஒருபக்கமே சேர்கின்றன. மடங்கியது ஏனெனின், உயிர்வளியின்மேல் பிணைப்பிற் சேராத எதிர்மின்னி இணைகள் இரண்டு உள. அவை தமக்கு இடம் வேண்டிப் பிணைப்புகளை நெருக்குகின்றன. இணைகள் ஒன்றையொன்று விலக்கும் இக்கருத்தைக் கில்லெசுப்பியும் நைகோமும் 1957இல் ஒழுங்குபடுத்தினர்.

விளைவு சிறிதன்று. 44 நிறையுள்ள கரியமிலவளி காற்றிலே திரிய, 18 நிறையே உள்ள நீர் 100 பாகை வெப்பம் வரை நீர்மமாய் நிற்கிறது. அழுகிய முட்டைபோல் நாறும் கந்தக நீரகவளி 34 நிறையிருந்தும் சுழிக்குக் கீழ் 60 பாகையிலேயே கொதித்துவிடும். கந்தகம் உயிர்வளியளவு இழுக்க மாட்டாது. நீர் மூலக்கூறுகளோ நேர்முனையால் எதிர்முனையைப் பற்றிக்கொண்டு ஒன்றையொன்று எளிதில் விடா. அவ்வாறு பற்றாவிடின் குளமும் இல்லை, குருதியும் இல்லை.

இத்துணையும் உரைக்க ஆங்கிலம் எங்கே வேண்டப்பட்டது? 'டைப்போல் மொமென்ட்' என உருப்போட்டவன், கரியமிலவளிக்கு அது ஏன் சுழி என்று வினவின் விழிக்கிறான். பெற்றோர் அவ்விழிப்புக்கே பணங்கட்டுகின்றனர்.

தமிழ்ப் பொத்தகம் எழுதுவோரும் இக்குற்றத்திற் பங்குடையர். ஆங்கிலத்தின் 'கோ' எனும் முன்னொட்டுக்கு வடமொழியின் 'சக'வைத் தேடி ஒட்டிச் 'சகப்பிணைப்பு' என்கின்றன தமிழகப் பாடநூல்கள். எதைப் பங்கிடுகின்றன, ஏன் ஒப்பப் பங்கிடவில்லை என்னும் வினாவே அச்சொல்லில் எழாது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'பங்கீட்டு வலுப் பிணைப்பு' என்று எழுதுகின்றன. சொல்லைக் கேட்டதுமே பாதிப் பாடம் விளங்கிவிடுகிறது. அவர்களோ பாடத்தின் பெயரையே 'இரசாயனவியல்' என்று வைத்துக்கொண்டுள்ளனர் என்பது வேறு கதை!

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த அமெரிக்க மருத்துவர் கிறீனின் வேதியியல் நூல் 1875இலேயே தமிழில் வெளிவந்தது. 'கெமிஸ்தம்' என்னும் அதன் பெயர் அரைகுறையே. ஆயினும் தமிழில் இயலாது என்று அவ்வயலார் கைவிரிக்கவில்லை. அவ்வளவு துணிவு தமிழ்மண்ணிற் பிறந்த கல்வியாளர்க்கு ஏன் வரவில்லை?

'சகப்பிணைப்பு' என்பதை நீக்கிப் 'பங்கீட்டுப் பிணைப்பு' என எழுத ஒரு பதிப்பு போதும். அடுத்த பதிப்பு அச்சேறுமுன் இதனைப் பாடநூற் குழுவினர்க்கு எழுதியனுப்பத் தமிழாசிரியரினும் வேதியியலாசிரியரே முந்துதல் வேண்டும். வகுப்பறையில் நாடோறும் அச்சொல்லோடு மல்லுக்கு நிற்பவர் அவரே.