ஒண்ணுக்குப் போகாத மோட்டார்

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பொருளைப் பார்த்தாலும் தேய்மானம் எத்தனை சதவிகிதம் என்று மனசுக்குள் கழித்துப் பார்ப்பான். பழைய ஃபிரிட்ஜ், பழைய சோபா, சில சமயம் மாமனார்.

அதனால்தான் தொண்டிப் பக்கத்திலிருந்து என் காலேஜ் சிநேகிதன் போன் செய்து, "மாப்ளே, செகண்ட் ஹேண்ட்ல அவுட்போர்டு மோட்டார் ஒண்ணு வாங்கிட்டேன், வந்து பாரேன்" என்றதும் பஸ் ஏறிவிட்டேன். பி.காமில் என்னைவிட மார்க் வாங்கியவன். இரண்டு முறை பேங்க் பரீட்சை எழுதிவிட்டு, அப்பாவின் வல்லத்துக்கே திரும்பியவன்.

அவுட்போர்டு மோட்டார் என்றால் படகின் பின்பக்கம் தொங்குமே, அதுதான். அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்பவர் 1909-இல் இதை விற்க ஆரம்பித்தார். காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கத் துடுப்புப் போட்டுப் போய்த் திரும்புவதற்குள் அது உருகிவிட, அந்தக் கடுப்பில் பிறந்த யோசனை என்று ஒரு கதை உண்டு. காதல் என்னென்னவோ செய்யும்!

சிநேகிதனின் மோட்டார் ஜப்பான் சரக்கு. 9.9 குதிரைசக்தி, டூ ஸ்ட்ரோக். விற்றவர், "ஒரே ஓனர், ஏரியில மட்டும் ஓட்டினது" என்று சத்தியம் செய்திருந்தார். பழைய ஸ்கூட்டர் விற்கிறவர்கள், "டீச்சரம்மா ஓட்டினது சார்" என்பார்களே, அந்த வகை.

வளையல் இரண்டு அடகுக் கடைக்குப் போயிருந்தன. அவன் மனைவி காபி கொடுக்கிற சாக்கில் மெதுவாகக் கேட்டாள்: "அண்ணே, நீங்க படிச்சவங்க. நல்ல மோட்டார்தானான்னு பாத்துச் சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதும்மா" என்று நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் இது. சொல்லவில்லை.

பூவரச மரத்தடியில் மரச்சட்டத்தில் மாட்டியிருந்த மோட்டாரின் கயிற்றை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் உறுமியது. இரண்டு நிமிஷம் முறுக்கினேன். தெருப் பிள்ளைகள் கை தட்டின. "நூத்துக்கு நூறும்மா!" என்று சர்டிபிகேட் கொடுத்தேன்.

மறுநாள் விடிவதற்கு முன் கடலுக்குப் போனோம். அரை மணியில் பெயிண்ட் கருகுகிற வாசனை. சிநேகிதன் பாய்ந்து மோட்டாரை நிறுத்தினான். அப்புறம் ஒரே நிசப்தம்.

கச்சான் காற்று, கரையிலிருந்து கடலைப் பார்த்து அடித்தது. கிழக்கே தள்ளிக்கொண்டே போனால் இலங்கை. நடுவில் 1974-இல் ஒப்பந்தம் போட்டு வகுத்த எல்லைக்கோடு. மேப்பில்தான் கோடு, தண்ணீரில் எதுவும் இல்லை. தாண்டினால் வல்லமும் போகும், ஆளும் போவான். சிநேகிதன் ஒரு வார்த்தை பேசாமல் துடுப்பை எடுத்தான். செல்போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. கடைசியில் சொந்தக்கார வல்லம் ஒன்று கிடைத்து, கயிறு கட்டி இழுத்து வந்தது. அவர்களுக்கும் அன்றைக்குத் தொழில் போச்சு.

கரையில் மெக்கானிக் பெரியவர் மோட்டாரின் கால் பகுதியைக் கழற்றினார். உள்ளிருந்து ரப்பர் சக்கரம் ஒன்றை எடுத்தார். இம்பெல்லர். அதன் இறக்கைகள் கருகிப் பிய்ந்திருந்தன.

"தண்ணி இல்லாம எவன் இதை ஓட்டினது?"

நான் கடலின் அழகை ரசித்தேன்.

"கார்ல ரேடியேட்டர் இருக்கு. இது கடல்தண்ணியை உறிஞ்சித்தான் சூடு தணிக்கும். அந்தத் தண்ணிதான் ரப்பருக்கும் வழவழப்பு. கரையில வெறுமனே ஓட்டினா ஒரு நிமிஷம் போதும், கருகிடும். பின்னாடி சின்ன ஓட்டை இருக்கு பாருங்க, ஸ்டார்ட் ஆனதும் அது வழியாத் தண்ணி பீச்சணும். பய ஒண்ணுக்குப் போறானான்னு பாருங்க தம்பி. போகலியா, உடனே நிறுத்துங்க."

அடுத்து கியர் ஆயிலை வடித்தார். பால் ஊற்றின காபி மாதிரி வந்தது. தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். புரொப்பல்லருக்குப் பின்னால் பழைய நைலான் நரம்பு சுற்றி, சீலை அறுத்திருந்தது. தண்ணீர் போகிற பாதையெல்லாம் வெள்ளையாக உப்பு.

"ஏரியில உப்பு விளையுதா தம்பி?" என்றார்.

சிநேகிதனுக்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: கரைக்கு வந்ததும் டிரம்மில் நல்ல தண்ணீர் பிடித்து, தண்ணீர் உறிஞ்சுகிற துளைகள் முழுகும்படி காலை இறக்கி, பத்து நிமிஷம் ஓட்டு. இம்பெல்லரை வருஷத்துக்கு ஒரு தரம் மாற்று. பெட்ரோலில் ஆயிலைக் கண் அளவில் கலக்காதே. லிட்டருக்கு 20 மில்லி என்று மேனுவலில் போட்டிருந்தால் 20 மில்லிதான். டேங்க் மூடியில் காற்றுத் திருகைத் திறக்காமல் கிளம்பாதே. உபரி பிளக்கும் ஸ்பேனரும் இல்லாமல் கடலில் இறங்காதே.

புது இம்பெல்லர், சீல், ஆயில் எல்லாம் சேர்த்து சிறிய பில்தான். இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் பிஸ்டன் இறுகி, இரண்டு வளையலும் அடகுக் கடையிலேயே முழுகியிருக்கும்.

எனக்குச் சொல்லித் தந்த கணக்கில் தேய்மானம் வருஷக் கணக்கு. கடலில் அப்படி இல்லை. அலுத்து, பசித்து, வீட்டுக்கு ஓடத் தோன்றுகிற நேரத்தில் நிற்கிற அந்தப் பத்து நிமிஷம்தான் கணக்கு. முதல் ஓனர் நிற்கவில்லை; அதற்கு நாங்கள் வட்டி கட்டினோம். நீங்கள் வாங்கிய செகண்ட் ஹேண்ட் பைக்குக்கும் இதே கதைதான்.

தங்கச்சியிடம் உண்மையை ஒப்புக்கொண்டேன். சிரித்தாள். "பரவாயில்லண்ணே. அடுத்த தடவை வந்தா காபி மட்டும் குடிங்க." இப்போது டிரம்முக்குப் பக்கத்தில் நிற்பது அவள்தான்.

போன வாரம் பஸ்ஸில் போகும்போது சிநேகிதனின் போன். எடுத்ததும் வழக்கம்போல, "பய ஒழுங்கா ஒண்ணுக்குப் போறானா?" என்றேன்.

பக்கத்து சீட்டுக்காரர் பரிவோடு கேட்டார்: "குழந்தைக்கு என்ன வயசு சார்?"

"தெரியலை சார். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது."