வினாடி வினாவில் வராத ஒரு கேள்வி

நைட் ட்யூட்டி முடிச்சு வர்ற வழியில ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு. "அமெரிக்காவைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியும்?" கோகோ கோலாவை உருவாக்கியது யார், எந்த ஊர், எந்த வருஷம்னு வழக்கமான கேள்விகள். ஜான் பெம்பர்ட்டன், அட்லாண்டா, 1886. மூணுக்கும் மார்க் வாங்கிட்டேன் 😄

அதுல இல்லாத ஒரு கேள்வியை நான் கேக்கறேன். யோசிச்சுப் பாருங்க.

1937ல் அமெரிக்காவில் ஒரு சிரப்பைக் குடிச்சு 100 பேருக்கு மேல இறந்தாங்க. அதுல நிறைய பேர் குழந்தைகள். அந்தக் கம்பெனி மேல அரசாங்கம் போட்ட குற்றச்சாட்டு என்ன?

கொலை? இல்ல. விஷம் வித்தது? அதுவும் இல்ல.

பாட்டில் மேல 'எலிக்ஸிர்'னு அச்சடிச்சிருந்தாங்க. எலிக்ஸிர்னா உள்ளே ஆல்கஹால் இருக்கணும். இதுல இல்ல. ஆகவே, தவறான பெயர் போட்டு வித்த குற்றம். அபராதம் சுமார் 26,000 டாலர். அவ்வளவுதான்.

எப்படி இந்த நிலைமைன்னு புரியணும்னா திரும்ப பெம்பர்ட்டன்கிட்ட போகணும். அவர் ஒரு மருந்துக்கடைக்காரர். உள்நாட்டுப் போர்ல காயம் பட்டு, வலிக்கு மார்ஃபின் எடுத்து, அதுக்கே அடிமையானவர். அவர் கோலாவை வித்தது தாகத்துக்கு மட்டும் இல்ல, தலைவலிக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் டானிக்காகவும்தான். ஆரம்பத்தில் அதுல கோகா இலைச் சாறும் இருந்தது. அப்ப யார் வேணும்னாலும் எதை வேணும்னாலும் பாட்டில்ல அடைச்சு மருந்துன்னு விக்கலாம். பல் முளைக்கற குழந்தைகளுக்குன்னு 'மிஸஸ் வின்ஸ்லோ' சிரப் ஒண்ணு பல வருஷம் அமோகமா போச்சு. கொடுத்ததும் குழந்தை அழுகையை நிறுத்தித் தூங்கிடும். தூங்காம என்ன செய்யும், உள்ளே இருந்தது மார்ஃபின்! தூங்கின சில குழந்தைகள் எழுந்திருக்கவே இல்ல.

1906ல் ஒரு சட்டம் வந்தது. மார்ஃபின், கொக்கைன், ஆல்கஹால் மாதிரி பொருட்கள் இருந்தா லேபிள்ல போடணும். விக்கக் கூடாதுன்னு சொல்லல, போட்டுட்டு வில்லுன்னுதான் சொன்னது. மருந்து பாதுகாப்பானதான்னு முன்கூட்டியே நிரூபிக்கணும்னு அதுல ஒரு வரி கூட கிடையாது.

அந்த ஓட்டை வழியா வந்ததுதான் 1937.

ஸல்ஃபனிலமைடு அன்னிக்கு அதிசய மருந்து. பென்சிலின் புழக்கத்துக்கு வராத காலம். தொண்டைத் தொற்று வந்த குழந்தைகளைக் காப்பாத்திட்டு இருந்தது. ஆனா மாத்திரையாவும் பொடியாவும்தான் கிடைச்சது. குழந்தை எப்படி மாத்திரை முழுங்கும்? சிரப்பா வேணும்னு மக்கள் கேட்டாங்க. டென்னிசியில் மாசென்கில் என்ற கம்பெனியின் வேதியியலாளர் எதுல கரையும்னு தேடினார். டைஎத்திலீன் கிளைக்கால்ல நல்லாவே கரைஞ்சது. ராஸ்பெர்ரி வாசனை சேர்த்தாங்க. நிறம் சரியா, மணம் சரியா, ருசி சரியான்னு பார்த்தாங்க. உடம்புக்கு என்ன செய்யும்னு மட்டும் பார்க்கல. பார்க்கணும்னு சட்டமும் சொல்லல.

டைஎத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தைச் சிதைக்கும். முதல்ல வாந்தி, வயித்து வலி. அப்புறம் சிறுநீர் குறைஞ்சு நின்னே போகும். டாக்டர் எழுதிக் கொடுத்து, பெத்தவங்க கையால ஸ்பூன்ல ஊத்திக் கொடுத்த மருந்து இது. இதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குது.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ தன்னோட ஆய்வாளர்களை ஏறக்குறைய எல்லாரையும் இறக்கி, ஊர் ஊரா பாட்டில்களைத் தேடிப் பறிமுதல் செஞ்சது. தயாரிச்சது சுமார் 240 கேலன். பெரும்பகுதி கைக்கு வந்துடுச்சு. மிச்சம் சில கேலன்தான் அத்தனை உயிரையும் எடுத்தது. அந்தப் பறிமுதலுக்கும் கைப்பிடி அந்த ஒரே சொல்தான். 'எலிக்ஸிர்'னு போடாம 'கரைசல்'னு போட்டிருந்தா, தொடவே அதிகாரம் இருந்திருக்காது.

1938ல் சட்டம் மாறுச்சு. பாதுகாப்புன்னு காட்டின பிறகுதான் புது மருந்து கடைக்கு வரணும்.

சிரப்புல கொன்னது எதுன்னு சிகாகோவில் சோதிச்ச குழுவில் ஃபிரான்சஸ் ஓல்டம்னு ஒரு மாணவி இருந்தாங்க. பெயரைப் பார்த்து ஆண்னு நினைச்சு வேலை கொடுத்தாங்களாம்! கல்யாணத்துக்கு அப்புறம் ஃபிரான்சஸ் கெல்சி. 1960ல் எஃப்டிஏவில் சேர்ந்ததும் அவங்க மேசைக்கு வந்த முதல் ஃபைல்கள்ல ஒண்ணு தாலிடோமைடு. ஐரோப்பாவில் சக்கைப்போடு போட்ட தூக்க மருந்து. கம்பெனி திரும்பத் திரும்ப நெருக்குச்சு. ஆதாரம் போதாதுன்னு அவங்க கையெழுத்தே போடல. மத்த நாடுகள்ல 10,000க்கும் மேல குழந்தைகள் கை கால் குறையோட பிறந்தப்போ, அமெரிக்காவில் அந்த எண்ணிக்கை 20ஐக் கூடத் தொடல.

அன்னிக்கு அந்தக் கம்பெனிக்கு அவங்க ஒரு பிடிவாதக்கார அதிகாரி. நானும் "டெஸ்ட் ரிசல்ட் வரலை, ஸ்டாக் இல்ல"ன்னு சொல்லும்போது சலிச்சுக்கிட்டவன்தான். இப்ப சலிச்சுக்கறது இல்ல.

ஏன்னா இது பழைய கதை இல்ல. 2022ல் காம்பியா நாட்டில் குழந்தைகள் இறந்தப்போ, சந்தேகப்பட்ட இந்தியத் தயாரிப்பு சிரப்புகள்ல இதே டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததுன்னு உலக சுகாதார நிறுவனம் எச்சரிச்சது. 2025ல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்த இருமல் சிரப்பிலும் இதேதான். அது தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில். சட்டம் இருந்தது, சோதிக்க முறையும் இருந்தது. சோதிக்கல. 1937ல் அந்த வேதியியலாளருக்குத் தெரியாதுன்னாவது சொல்லலாம். நமக்கு அந்தச் சாக்கும் இல்ல. என் கோபம் அதுதான்.

இதைப் படிக்கற அப்பா அம்மாக்களுக்கு ஒரு விஷயம். 2 வயசுக்குள்ள குழந்தைக்கு இருமல் சிரப் வேண்டாம். 5 வயசுக்குக் கீழேயும் பொதுவா தேவைப்படாதுன்னு மத்திய சுகாதாரத் துறையே சொல்லியிருக்கு. சாதாரண சளி இருமல் பெரும்பாலும் தானா சரியாகும். மூச்சு வாங்கினா, பால் குடிக்கலன்னா, சிறுநீர் குறைஞ்சா உடனே ஜிஎச்சுக்குத் தூக்கிட்டு வாங்க. வீட்ல என்ன சிரப் கொடுத்திருந்தாலும் அந்தப் பாட்டிலையும் மறக்காம எடுத்துட்டு வாங்க, திட்ட மாட்டோம். அதுல இருக்கற பேட்ச் நம்பர் எங்களுக்கு வேணும்.