மருந்து இலவசம். அதை வாங்கப் போகும் அரை நாள்?



தி.நகரில் நாம் துணி எடுக்கிறோம், பாத்திரம் வாங்குகிறோம், பில் போட்டதும் கிளம்பிவிடுகிறோம். அந்தத் துணியை மடித்து வைப்பவர் திருநெல்வேலிக்காரராகவோ தூத்துக்குடிக்காரராகவோ இருப்பார். பக்கத்து ஓட்டலில் பாத்திரம் தேய்ப்பவர் ஒடிசா. பின்னால் எழும்பும் கட்டடத்தில் கம்பி கட்டுபவர் பீகார். நாற்பது வயதைத் தாண்டிய இவர்களில் எத்தனை பேருக்கு சர்க்கரை இருக்கு, மாத்திரையை எப்படிச் சமாளிக்கிறாங்க என்று என்றைக்காவது கேட்டிருக்கோமா?

நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் சொன்னது. இது பணக்கார வியாதி என்ற பேச்சை இனியாவது விட்டுவிடுவோம்.

சர்க்கரை மாத்திரையில் ஒரு சிக்கல் உண்டு. அது சாப்பாட்டு நேரத்தோடு கட்டப்பட்டது. மெட்பார்மினை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வயிறு கலங்கும். கிளிமிபிரைட், கிளிபென்கிளமைடு போன்றவற்றைப் போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை சட்டென்று இறங்கும். கை நடுங்கும், வேர்க்கும், ஆளே மயங்கி விழலாம். பண்டிகை சீசனில் கடை ஊழியர் மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு விடுபடுவார்? மூன்று, மூன்றரை ஆகிவிடும். வாடிக்கையாளர் முன்னால் மயங்கி விழுந்தா வேலை போயிடுமோ என்ற பயத்தில் காலை மாத்திரையையே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை அலட்சியம் என்று சொல்லாதீங்க. அவங்க போடுற கணக்கு அது. ஆனால் அந்தக் கணக்கு பத்து வருடம் கழித்துக் கண்ணிலும் சிறுநீரகத்திலும் கால் புண்ணிலும் வந்து நிற்கும்.

இன்சுலின் போடுகிறவர் நிலை இன்னும் மோசம். திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். திறந்ததை 25, 30 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் வைக்கலாம். மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே எட்டுப் பேர் தங்கும் அறையில் 30 டிகிரி எங்கே கிடைக்கும்? மண்பானைத் தண்ணீரோ ஈரத்துணியோதான் துணை.

அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்தானே என்பீர்கள். இலவசம்தான், அதில் தமிழ்நாடு பெருமைப்படலாம். ஆனால் ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, ரத்தப் பரிசோதனைக்கு ஒரு வரிசை, மருந்துக்கு இன்னொன்று. அரை நாள் போச்சு. தினக்கூலிக்காரருக்கு அரை நாள் என்பது ஊருக்கு அனுப்பும் பணம். தமிழ் தெரியாதவர் என்றால், "சாப்பிட்ட பிறகு" என்று சொன்னதா "சாப்பிடும் முன்" என்று சொன்னதா என்பதே புரியாது. மாத்திரையை நிறத்தைப் பார்த்து அடையாளம் வைத்திருப்பார்; அடுத்த மாதம் வேறு கம்பெனி, வேறு நிறம்.

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைத் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் கதவைத் தட்டும் நேரத்தில் இவர்கள் கடையில் இருப்பார்கள். வீடு என்று ஒன்று இருந்தால்தானே தட்டவும் முடியும்? 2024இல் இதைத் தொழிற்சாலைகளுக்கும் கொண்டுபோனார்கள். உஸ்மான் சாலைக் கடையில் ஒரு சிறு ஆலை அளவுக்கு ஆட்கள் வேலை செய்கிறார்கள். ஆனால் அது தொழிற்சாலை ஆகாது!

ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் காப்பீடு 5 லட்சம் வரை என்கிறது. படுக்கையில் சேர்ந்தால்தான் அது. தினம் போடும் மாத்திரைக்கு உதவாது. கால் எடுக்கும் அறுவைக்குப் பணம் இருக்கு, கால் போகாமல் காக்கும் மாத்திரைக்கு இல்லை. என்ன கணக்கு இது?

1979ஆம் ஆண்டுச் சட்டம், வெளிமாநிலத் தொழிலாளருக்கு ஒப்பந்தக்காரர் இலவச மருத்துவ வசதி தர வேண்டும் என்றது. எத்தனை பேர் தந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். திருநெல்வேலிக்காரர் மாநில எல்லையைத் தாண்டவே இல்லை என்பதால் அந்தச் சட்டத்தின் கணக்கிலேயே வரவில்லை.

முடியாத எதையும் கேட்கவில்லை. 2020 ஊரடங்கில், சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று மாத மருந்தை மொத்தமாகக் கொடுக்கலாம் என்று ஒன்றிய சுகாதாரத் துறையே வழிகாட்டுதல் தந்தது. நோய் கட்டுக்குள் இருக்கும் புலம்பெயர் தொழிலாளிக்கு அதை ஏன் வழக்கமாக்கக் கூடாது? பொங்கலுக்கோ சத் பூஜைக்கோ ஊருக்குப் போகிறவர் மருந்து தீர்ந்து நிற்க மாட்டாரே. மருந்து உறையில் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் அச்சிடுங்கள். படிக்கத் தெரியாதவருக்குச் சூரியன், நிலா, தட்டு என்று படம் போடுங்கள். கடை திறக்கும் முன் காலை 8 மணிக்கு, மாதம் ஒருமுறை, சுகாதாரப் பணியாளர் கடைக்கே வரட்டும்.

கடைக்குள் சட்டம் நுழையாது என்று யாராவது சொன்னால், நாற்காலியைக் காட்டுங்கள். ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் இதே தமிழ்நாடுதான் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. உட்காரும் உரிமையைப் போலவே, மாத்திரை போடுபவருக்கு நேரத்துக்குச் சாப்பிடும் உரிமையும் அதில் சேரட்டும்.

தி.நகர், மாம்பலம் பகுதித் தோழர்களுக்கு ஒரு வேலை. இந்த வாரம் உங்கள் தெருவில் உள்ள ஊழியர் விடுதிக்கு இரவு 10 மணிக்கு மேல் போங்க, அப்போதான் ஆள் இருப்பாங்க. யாருக்குச் சர்க்கரை, எந்த மாத்திரை, கடைசியாக எப்போது வாங்கினார் என்று கேளுங்க. மாத்திரையை நிறுத்து, கூட்டு என்று நாமாக எதுவும் சொல்ல வேண்டாம், அது டாக்டர் வேலை. சாப்பாடு தள்ளிப்போகிறது என்பதை டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்க, நேரத்தையோ மருந்தையோ மாற்றித் தருவார். சட்டைப் பையில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருக்கச் சொல்லுங்க. பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் வட்டச் செயலாளரிடம் கொடுங்க. மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் மனுவோடு அதையும் வைப்போம்.