பிள்ளை சொல்லட்டும், வீடு கேட்கட்டும்

பலெர்மோவின் பல்லாரோச் சந்தையை அண்டிய ஒழுங்கைகளில் எமது பிள்ளைகள் இத்தாலி மொழியில் வாதாடி விளையாடுவதையும், கடைக்காரருடன் சிசிலியப் பேச்சிலேயே விலை பேசுவதையும் கேட்பவர்கள், அவர்களுக்கு மொழிக்குறை உண்டெனக் கருதமாட்டார்கள். வதிவிட அனுமதிக்காகப் பொலிஸ் அலுவலகத்திலும், நோய்க்காக வைத்தியரிடத்திலும் தாய் தந்தையருக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கின்ற பிள்ளைக்குத் தன் பாடப்புத்தகம் விளங்காமற் போகுமென எந்தப் பெற்றோர்தான் நினைப்பர்? ஆயினும் அவ்வாறு நேர்கின்றது. அதனை வீடு அறிவதற்குள் காலம் கடந்துவிடுகின்றது.

தெருவின் மொழி வேறு, புத்தகத்தின் மொழி வேறு. ஜிம் கமின்ஸ் என்னும் கல்வியியலாளர் 1979 ஆம் ஆண்டில் இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். குடிபெயர்ந்த பிள்ளை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளிற் பேச்சுமொழியைப் பிடித்துக்கொள்ளும். பாடநூல் மொழியில் வகுப்புத் தோழருக்கு ஈடாவதற்கோ ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை செல்லும் என்பது அவருடைய ஆய்வுகளின் முடிவு. இங்கேயே பிறந்த பிள்ளைக்கும், வீட்டில் இத்தாலி மொழியில் வாசிப்பார் இல்லாதவிடத்து, இவ்விடர் தானாக நீங்கிவிடுவதில்லை.

இத்தாலியில் ஐந்தாண்டு ஆரம்பப் பள்ளிக்குப் பின்னர் மூன்றாண்டுகள் 'ஸ்கூலா மேடியா' எனப்படும் நடுநிலைப் பள்ளி. வரலாறும் புவியியலும் விஞ்ஞானமும் கனத்த புத்தகங்களாக வந்து சேர்வது அங்கேதான். அதன் மூன்றாம் ஆண்டிலேயே பிள்ளை லிச்சேயோவுக்குச் செல்வதா, தொழினுட்பப் பள்ளிக்கா, தொழிற்பயிற்சிப் பள்ளிக்கா என்பதைக் குடும்பம் முடிவு செய்ய வேண்டியுள்ளது. தொழிற்கல்வி தாழ்ந்ததன்று. ஆனால் விரும்பித் தெரிவு செய்வதும், பாடம் விளங்காமையினால் ஒதுக்கப்படுவதும் ஒன்றல்ல. அடுத்தவர் வீட்டைத் துடைத்தும் முதியோரைப் பராமரித்தும் பெற்றோர் சிந்தும் வியர்வை, இந்த இரண்டாவது முடிவுக்காகச் சிந்தப்படுவதன்று.

இந்நிலையில் வீட்டில் நாம் செய்வது என்ன? "படி, படி" என்கின்றோம். எப்படிப் படிப்பதென்பதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. பிள்ளை ஒரே பக்கத்தை நான்கு முறை வாசிக்கின்றது. வரிகளுக்கு மஞ்சள் நிறம் பூசுகின்றது. அல்லது வசனங்களை அப்படியே மனனம் செய்கின்றது. வாசித்ததையே திரும்ப வாசிக்கும்போது எழுத்து பழகிப்போகின்றது. பழகியதை விளங்கியதென்று பிள்ளை நம்பிவிடுகின்றது.

அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதனைத் தெளிவாக்கியது. ஒரு சாரார் பாடப்பகுதியை மீண்டும் வாசித்தனர்; மறு சாரார் அதனைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது மீண்டும் வாசித்தோரே முன்னின்றனர். ஒரு வாரத்தின் பின்னரோ, நினைவிலிருந்து எழுதியோரிடமே பாடம் கூடுதலாக நிலைத்திருந்தது.

இவ்வுண்மை எமக்குப் புதிதன்று. ஆசிரியர் உரைத்ததைச் செவ்வையாகக் கொண்டாலும் காற்பங்கே கைவரும், உடன் கற்பாரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு, பிறருக்குத் தெளிவாக எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு எனப் பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூலிற் பவணந்தி முனிவர் கணக்கிட்டு வைத்தார். அந்த அரைப்பங்கைத்தான் நாம் கைவிட்டிருக்கின்றோம்.

அதனை மீட்பதற்குப் பணம் வேண்டியதில்லை. நடுநிலைப் பள்ளிப் பிள்ளையின் வரலாற்றுப் புத்தகத்தில் இரண்டாம் ருஜ்ஜேரோ மன்னனைப் பற்றிய பக்கம் வருகின்றதெனக் கொள்வோம். வாசிக்குமுன் தலைப்பையும் படத்தையும் மட்டும் பார்த்து, "இப்பக்கம் எதைச் சொல்லப் போகின்றது?" என்று பிள்ளை தானே கேட்டுக்கொள்ளட்டும். பின்னர் ஒரு பந்தியை வாசித்துப் புத்தகத்தை மூடட்டும். மூடிய புத்தகத்தின் முன் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அதனைத் தமிழிற் சொல்லட்டும். 1130 இல் பலெர்மோவில் முடிசூடிய அரசன். அவனது அவையில் இலத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய மூன்று மொழிகளும் வழங்கின. அவனுக்காக அல் இத்ரீசி என்னும் அரபு அறிஞர் 1154 இல் உலகப் புவியியல் நூலொன்றை வரைபடங்களுடன் முடித்துக் கொடுத்தார். இவ்வளவையும் கேட்கும் தாய், "அரபு அறிஞருக்குக் கிறிஸ்தவ அரசனிடத்தில் என்ன வேலை?" என்று கேட்டால் அதுவே சிறந்த கேள்வி. அந்நூலிற் சரந்தீவு என்னும் பெயரில் எமது இலங்கைத் தீவும் உண்டென்பதைத் தந்தை சொன்னால், அந்தப் பக்கத்தைப் பிள்ளை எளிதில் மறவாது.

தமிழிற் சொல்லும்போது பிள்ளை தடுமாறும் இடங்களைக் கவனியுங்கள். தமிழ்ச் சொல் தெரியாமையாற் தடுமாறினால், வேறு சொற்களால் விளக்கவோ படம் வரைந்து காட்டவோ அதனால் இயலும். அதுவும் இயலாவிடின் அந்த இடம் விளங்கவில்லை என்பது பொருள். அவ்விடத்தைக் கொப்பியிற் குறித்துக்கொண்டு மறுநாள் ஆசிரியரிடம் கேட்க வேண்டும். இறுதியில் முழுப் பக்கத்தையும் நான்கு வரிகளில் இத்தாலி மொழியில் எழுதினாற் போதுமானது. வகுப்பில் எழுந்து நின்று பாடத்தை எடுத்துரைக்க வேண்டிய 'இன்ரெரொகற்சியோனே' என்னும் வாய்மொழித் தேர்வுக்கும் இதனினும் நல்ல பயிற்சி வேறில்லை.

"எமக்கு இத்தாலி மொழி வராதே" என்று பெற்றோர் தயங்க வேண்டாம். மொழியறியாத உங்களுக்கு விளக்குவதாற்றான் பிள்ளைக்கு விளங்குகின்றது. வேலை முடிந்து களைத்து வருபவரிடம் நாம் கேட்பது நாளுக்கு இருபது நிமிடம் மட்டுமே.

இத்துன்பம் எமக்கு மட்டும் உரியதுமன்று. புளோரன்சுக்கு அப்பால் பார்பியானா என்னும் மலைக்கிராமத்தில், பள்ளியாற் கைவிடப்பட்ட உழவர் பிள்ளைகளை லொரென்சோ மிலானி என்னும் பாதிரியார் கூட்டிவைத்துக் கற்பித்தார். அங்கே பத்திரிகையை உரத்து வாசித்து, விளங்காத சொல் ஒவ்வொன்றிலும் நின்று பொருள் தேடினர். மூத்த பிள்ளைகள் இளையோருக்கு ஆசிரியராயினர். அப்பிள்ளைகளுள் எண்மர் சேர்ந்து 1967 இல் எழுதிய 'ஆசிரியைக்கு ஒரு கடிதம்' என்னும் நூல் இத்தாலியக் கல்வியுலகையே கேள்விக்குள்ளாக்கியது.

உழவர் பிள்ளைகளுக்கு இயன்றது ஏதிலிகளின் பிள்ளைகளுக்கும் இயலும். எமது தமிழ்ப் பள்ளிகள் வார இறுதியில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கி, லிச்சேயோவிற் பயிலும் மூத்த மாணவரை இளையோரோடு அமர்த்தலாம். இத்தாலிய நிறுவனங்கள் நடத்தும் பிற்பகல் படிப்பு வகுப்புகளுக்குப் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் வெட்கப்பட வேண்டியதில்லை. இளையோருக்குச் சொல்லிக் கொடுக்கும் மூத்தவருக்கும், நன்னூலார் கணக்கின்படி, அரைப்பங்கு கல்வி மிச்சமாகக் கிடைக்கின்றது.

இன்றிரவு தொலைக்காட்சியைச் சற்று நிறுத்திவிட்டு, "இன்று என்ன வாசித்தாய்? எனக்குச் சொல்லு" என்று உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை பொறுமையுடன் கேட்டிருங்கள்.